பல்லு பாத்து மாட்டு

தலித் எழுத்து என்றால் வலியை எழுதுவது என்று வெளியிலிருந்து யாரோ எல்லை கட்டிவிட்டுப் போனார்கள். நாமும் பல நேரம் அந்த எல்லைக்குள்ளேயே நின்று எழுதினோம். அடிபட்டதை எழுதினோம், விரட்டப்பட்டதை எழுதினோம். எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதித்துவிடுவார்கள். ஆனால் நம் ஆட்களின் கைக்கு என்னென்ன தெரியும் என்பதை எவ்வளவு எழுதியிருக்கிறோம்? பறை வார்ப்பதை எழுதியிருக்கிறோம், நாற்று நடுவதை எழுதியிருக்கிறோம். லாரி ஷெட்டிலும் டிங்கர் பட்டறையிலும் இரண்டு தலைமுறையாக உடம்பெல்லாம் கிரீஸோடு கிடக்கும் நம் அண்ணன், சித்தப்பா, மாமன்களின் கை எதைக் கற்றுவைத்திருக்கிறது என்று யாராவது கேட்டோமா?

இந்தக் கட்டுரை ஒரு பழைய அம்பாசடர் காரின் வைப்பர் கையைக் கழற்றி, சரியான இடத்தில் திரும்ப மாட்டுவதைப் பற்றியது. எம்.ஏ. தமிழ் படித்த பொம்பளைக்கு எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். முழுக்கப் படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

முதலில் வண்டிக்கும் சாதிக்கும் உள்ள உறவைப் பேசிவிட வேண்டும். அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக் குறிப்பில் இரண்டு வண்டிப் பயணங்களைச் சொல்கிறார். ஒன்று 1901இல். சிறுவன் பீமராவும் உடன் பிள்ளைகளும் கோரேகாவில் வேலையிலிருந்த அப்பாவைப் பார்க்க ரயிலில் போய் மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரனும் ஏற்ற மறுக்கிறான். கடைசியில் ஒருவன் சம்மதிக்கிறான். கூலி இரட்டிப்பு. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவன் கூடவே நடந்து வருவான்.

இன்னொன்று 1929இல். இப்போது அவர் டாக்டர் அம்பேத்கர், பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். சாலிஸ்காவ் மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப் போகக் குதிரைவண்டி தேடுகிறார்கள். தீண்டப்படாதவரை வைத்து ஓட்டுவது தனக்குக் கேவலம் என்று டோங்காக்காரர்கள் மறுக்கிறார்கள். வண்டியை வாடகைக்குத் தருவார்கள், ஓட்ட வரமாட்டார்கள். நம் ஆள் ஒருவரே கடிவாளத்தைப் பிடிக்கிறார். அவருக்கு வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. பாலத்துக் கல் இடுக்கில் சக்கரம் மாட்டி, அம்பேத்கர் தூக்கி எறியப்படுகிறார். கால் எலும்பு முறிகிறது.

அந்த வண்டியை ஓட்டியவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தலைவர் நடந்து வரக் கூடாது என்று நினைத்த மனசு அவருடையது. அவரிடம் இல்லாதது பழக்கம் மட்டும்தான். அந்தப் பழக்கம் வர வேண்டுமானால் அதற்கு முன்னால் பல வருஷம் கடிவாளம் அவர் கையில் இருந்திருக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் வைத்திருந்தது சாதி. தீண்டாமை நம்மைத் தொடாமல் விலக்கியதை நிறையப் பேசிவிட்டோம். எதையெல்லாம் நம்மைத் தொட விடாமல் வைத்திருந்தது என்பதையும் பேச வேண்டும்.

இதெல்லாம் பழங்கதை, மகாராட்டிரக் கதை என்று தள்ளுபவர்களுக்கு 1997ஐ நினைவூட்டலாம். தமிழ்நாட்டில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். கலவரம் நடந்தது. அரசு அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்தால் பொல்லாப்பு என்று எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் தலைவர் பெயர்களையும், மாவட்டங்களின் தலைவர் பெயர்களையும் சேர்த்தே எடுத்தது. ஒரு தலித்தின் பெயரை நெற்றியில் தாங்கி ஒரு வண்டி ஓடுவதைக்கூடப் பொறுக்க முடியாத ஊர் இது.

இனி அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அச்சாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1958லிருந்து செய்த வண்டி. 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசாங்கம் என்றால் அம்பாசடர், அம்பாசடர் என்றால் அரசாங்கம். என் சின்ன வயதில் திண்டிவனம் பக்கத்து எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு அந்த வெள்ளை வண்டி நன்றாகவே தெரியும். ஊர்த்தெரு முனை வரை வரும். அங்கே நிற்கும். அதிகாரி இறங்கித் தலைவர் வீட்டில் மோர் குடித்துவிட்டு, 'காலனி ஆளுங்கள வரச் சொல்லு' என்பார். நாங்கள்தான் வண்டியிடம் போனோம். வண்டி எங்களிடம் வந்ததில்லை.

ஆனால் எங்கள் பெரியப்பாவுக்கு அந்த வண்டியின் வயிறு, முதுகு, நரம்பு எல்லாம் தெரியும். 1974இல், பன்னிரண்டு வயதில், ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார்கள். முதலாளி சாதி இந்து. தண்ணீர் குடிக்கத் தகர டப்பா தனியாக ஆணியில் தொங்கும். யாரும் உட்காரவைத்துத் தொழில் கற்றுக்கொடுக்கவில்லை. மேஸ்திரி சாமான் கேட்பார், எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு நகர்வதற்குள் பார்த்துக்கொள்வதுதான் படிப்பு. பெரியப்பா சொல்வார்:

"வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுக்கலாம்மா. ஆயில் மூஞ்சில வடியலாம். சீட்டுல மட்டும் குந்தக்கூடாது. வண்டிக்காரன் பாத்தா சண்டைக்கு வருவான்னு மொதலாளி வுட மாட்டாரு. அதனால எனக்கு எல்லாமே வெளி வேலதான். டயரு, கழுவுறது, பட்டை, ஆரனு, வைப்பரு."

வைப்பர் வெளிவேலை. வண்டிக்குள் ஏறாமல், பானட் பக்கம் நின்றுகொண்டே செய்துவிடலாம். ஒதுக்கிவைத்த வேலையையே பெரியப்பா ஒருவரும் அடித்துக்கொள்ள முடியாத அளவுக்குக் கற்றுக்கொண்டார். பத்தாண்டு கழித்து, வைப்பர் கோளாறு என்று எந்த வண்டி வந்தாலும் மேஸ்திரியே 'அவனைக் கூப்பிடு' என்றாராம். தகர டப்பா மட்டும் அதே ஆணியில் தொங்கியது.

எங்கள் அமைப்புக்கு ஒரு கார் தேவைப்பட்டது ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்காவது வீடு எரிக்கப்பட்டது, பெண் சீரழிக்கப்பட்டாள், கோயில் பிரச்சினையில் வெட்டு என்று தகவல் வந்தால் உடனே போக வேண்டும். வாடகைக் காருக்குப் போன் செய்வோம். ஊர்ப் பெயரைக் கேட்டதும் 'அந்தப் பக்கம் வண்டி வராதுங்க' என்பார்கள். வந்தவர்களும் காலனிக்குள் வர மாட்டார்கள், மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுவார்கள். கல்லெறி பயம் பாதி, கௌரவம் பாதி. 1929 சாலிஸ்காவ் எங்களுக்கு 2014இலும் நடந்துகொண்டிருந்தது. காசு திரட்டி ஒரு பழைய அம்பாசடரை வாங்கினோம். அந்த ஆண்டுதான் கம்பெனி உற்பத்தியை நிறுத்தியது. ஆனாலும் உதிரிச் சாமான் கிடைக்கும், கை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்று பெரியப்பா தைரியம் சொன்னார். தோழர்கள் இரண்டு பேரும் நானும் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தோம்.

வண்டியை விற்றவர் பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தார். முதல் மழையில்தான் விஷயம் தெரிந்தது. ஓட்டுபவர் பக்கத்து வைப்பர் கீழே இறங்கும்போது கண்ணாடியைத் தாண்டி ரப்பர் பீடிங்கில் ஏறி உட்கார்ந்தது. மேலே போகும்போது பாதி தூரத்தில் திரும்பியது. சரியாகக் கண்ணுக்கு நேரே ஒரு பட்டை துடைக்காமல் கிடந்தது. இடது பக்கத்தது மேலே போய்க் கண்ணாடி ஓரச் சட்டத்தில் 'டொக் டொக்' என்று முட்டியது. ஒரு கடையில் காட்டினோம். மோட்டார் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். இன்னொரு கடையில் ரப்பரை மாற்றினார்கள். புது ரப்பர் அதே இடத்தை நன்றாகத் துடைத்தது, அதே இடத்தைத் துடைக்காமல் விட்டது.

பெரியப்பா வந்தார். ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

"மோட்டாரு நல்லாத்தான் கீது. பெயிண்டு அடிக்கக் கையக் கழட்டியிருக்கான். அடிச்சி முடிச்சிட்டு மோட்டாரு எங்க நிக்கிதுன்னு பாக்காம குத்துமதிப்பா மாட்டி வுட்டுட்டான். பல்லு மாறிக் கீது."

கண்ணாடிக்குக் கீழே, பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள தகட்டில் இரண்டு இரும்பு முளைகள் எட்டிப் பார்க்கும். அதற்கு ஸ்பிண்டில் என்று பெயர். அதைச் சுற்றி நெருக்கமாக மெல்லிய பற்கள். வைப்பர் கையின் தலைக்குள்ளும் அதே அளவு பற்கள். பல்லோடு பல் சேர்ந்தால் கை ஸ்பிண்டிலோடு திரும்பும். மோட்டார் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். அந்தச் சுற்றைப் போய் வரும் அசைவாக மாற்ற, வெள்ளைக்காரன் காலத்து அமைப்பில் குழாய்க்குள் ஒரு பல் கேபிள் முன்னும் பின்னும் ஓடும். அது ஸ்பிண்டில் அடியில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தை அரைவட்டமாகத் திருப்பித் திருப்பி விடும். பிற்கால வண்டிகளில் கேபிளுக்குப் பதில் கம்பி லிங்க். எதுவானாலும் ஸ்பிண்டில் எவ்வளவு திரும்ப வேண்டுமோ அவ்வளவுதான் திரும்பும். கையை எந்தப் பல்லில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த அரைவட்டம் கண்ணாடியின் எந்த இடத்தில் விழும் என்பது இருக்கிறது. அடியில் ஒரு பல் மாறினால் நுனியில் ஓரிரு விரல்கடை தள்ளிப் போகும்.

பெரியப்பா சொல்லச் சொல்ல நான்தான் செய்தேன். திருப்புளியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் தள்ளி நின்றுகொண்டார். தனக்கு யாரும் அப்படிச் செய்யவில்லை என்பதால் அதில் பிடிவாதமாக இருந்தார்.

முதலில் கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றினோம். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் போடக் கூடாது, ரப்பரும் கெடும், கண்ணாடியும் கீறும். ஓடவிட்டு வைப்பர் சுவிட்சைக் கொண்டு நிறுத்த வேண்டும். சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாது. சாவியை அணைத்தால் கரண்ட் அறுந்து கை பாதி வழியிலேயே நின்றுவிடும். சுவிட்சை அணைத்தால் மோட்டார் தன் நிலைக்கு வந்துதான் நிற்கும். "அதுக்குன்னு ஒரு எடம் இருக்குதும்மா. அது எங்க வந்து குந்துதுன்னு மொதல்ல பாரு. அப்புறம் நீ இன்னா பண்ணலாம்னு யோசி."

கண்ணாடி மேல் கனத்த துணியை நாலாக மடித்து விரித்தோம். கையை நிமிர்த்தினால் உள்ளே ஸ்பிரிங் இழுத்துக்கொண்டிருக்கும். கை நழுவிப் பட்டென்று இரும்பு கண்ணாடியில் அடித்தால் கண்ணாடி போய்விடும். எங்கள் வண்டியில் தலையின் அடியில் ஒரு சின்னக் கிளிப், ஸ்பிண்டிலின் காடியைக் கவ்விப் பிடித்திருந்தது. சில வண்டிகளில் இதற்குப் பதில் நட்டு இருக்கும். திருப்புளி நுனியால் கிளிப்பைத் தூக்கிக்கொண்டே தலையை நேராக மேலே இழுக்க வேண்டும். வலது கை வந்துவிட்டது. இடது வரவில்லை, துருப்பிடித்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற தோழர் சுத்தியலை எடுத்தார். பெரியப்பா கத்தியே விட்டார்.

"சுத்திய வையிப்பா! நீ மேல தட்டுற, அது உள்ள பல்சக்கரத்தப் போய் ஒடைக்கும். துருவுக்கு மருந்து அடியில்ல."

மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு டீ குடித்துவிட்டு வந்தோம். திரும்பவும் சொட்டு விட்டோம். தகட்டின் பெயிண்ட் கெடாமல் இரண்டு பக்கமும் மரச்சில் வைத்து, இரண்டு திருப்புளிகளால் சமமாக நெம்பியதும் வந்துவிட்டது. ஒரே பக்கம் நெம்பினால் ஸ்பிண்டில் கோணிவிடும்.

கம்பி பிரஷ்ஷால் பற்களைத் தேய்த்துத் துடைத்தோம். தலைக்குள் விளக்கடித்துப் பல் மழுங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மழுங்கியிருந்தால் எங்கே மாட்டினாலும் மழையின் பாரத்தில் வழுக்கும், அந்தத் தலையை மாற்றித்தான் ஆக வேண்டும். எங்களுடையது நன்றாக இருந்தது. இன்னொன்றும் சொன்னார். பல் கேபிள் வைத்த பழைய வண்டியில் கை ரொம்ப ஆடினால் உள்ளிருக்கும் சின்னச் சக்கரத்தின் பல் தேய்ந்திருக்கும். அந்தச் சக்கரம் முழுசாகச் சுற்றுவதில்லை. அதனால் ஒரு பக்கம்தான் தேயும். கழற்றி மறுபக்கம் திருப்பிப் போட்டால் தேயாத பல் கேபிளில் வந்து உட்காரும். புதுச் சாமான் வாங்கக் காசில்லாதவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் என்று நினைக்கிறேன். முதலாளிக்கும் இது தெரியும், ஆனால் வண்டிக்காரனுக்குப் புதிதாகப் போட்டதாகத்தான் கணக்கெழுதுவார் என்றார் பெரியப்பா.

கை இல்லாமலே மோட்டாரை ஓடவிட்டு, சுவிட்சால் நிறுத்தினோம். வெறும் ஸ்பிண்டில் தன் நிலையில் நின்றது. பிறகுதான் கையை வைத்தோம், பிளேடு கீழ் பீடிங்குக்கு ஒரு விரல் மேலே படுத்திருக்கும்படி. பல்லு பாத்து மாட்டு, அமுக்கு, கிளிப்பு 'டிக்'குனு சொல்லணும். தண்ணீர் ஊற்றி ஓடவிட்டோம். வலது சரியாக வந்தது. இடது இன்னும் சட்டத்தைத் தொட்டுத் திரும்பியது. எடுத்து ஒரு பல் கீழே வைத்தோம். முட்டவில்லை. ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே இருந்த பட்டை போய்விட்டது. மொத்தச் செலவு அரைத் தம்ளர் மண்ணெண்ணெய்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பெரிப்பா, நம்ம சமூகத்துலயும் இதேதான். ரப்பர மாத்துறான், மோட்டார மாத்துறான், மாட்டுன எடமே தப்புன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான்" என்றேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாத்தையும் கொண்டுபோய் சாதியில மாட்டாத. மொதல்ல பிளேடு நுனி கண்ணாடியில பதியுதா பாரு."

அவர் சொன்னது சரிதான். உவமைக்காக நாங்கள் வைப்பரைச் சரிசெய்யவில்லை. மழையில் பாதை தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தோம். 2015 நவம்பரில் அந்தத் தேவை வந்தது. கடலூர் மாவட்டமே வெள்ளக்காடாகக் கிடந்த மாதம் அது. ஒரு கிராமத்தில் நம் பையன் ஒருவனைக் கட்டிவைத்து அடித்திருந்தார்கள். விடிந்தால் ஊர்க் கூட்டம், பெற்றவர்களிடம் சமாதானக் கையெழுத்து வாங்கப் போகிறார்கள் என்று ராத்திரி எட்டு மணிக்குத் தகவல் வந்தது. எந்த வாடகை வண்டியும் அந்த மழையில் அந்த ஊருக்கு வராது. நான்தான் ஓட்டினேன். மழை கண்ணாடியில் கல் மாதிரி அறைந்தது. இரண்டு கைகளும் போய்ப் போய் வந்தன. தண்ணீர் எங்கே முழங்கால் அளவு, எங்கே பள்ளம் என்று கண்ணுக்குத் தெரிந்தது. விடியற்காலை மூன்று மணிக்குக் காலனிக்குள்ளேயே, அந்த வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தினோம். பையனின் அம்மா எங்களிடம் முழுசாகச் சொன்னார், நாங்கள் எழுதினோம். கூட்டத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. காலையில் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும் வரை நகரவில்லை.

வன்கொடுமை தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. சம்பவம் நடந்த இடத்துக்கு மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் போக வேண்டும் என்று அதன் 1995ஆம் ஆண்டு விதிகளில் 12ஆம் விதி சொல்கிறது. அதே 1989இல்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளும் வந்தன. கண்ணாடி வைத்த வண்டிக்கு ஒழுங்காக வேலை செய்யும் வைப்பர் இருக்க வேண்டும் என்று 101ஆம் விதி சொல்கிறது. அதிகாரிகளின் வண்டியில் வைப்பர் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். 12ஆம் விதிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் நாம் மனு எழுதித் தள்ள வேண்டியிருக்கிறது. அவர்கள் வரும் வரைக்கும் யாராவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு வண்டி நம் கையில் இருக்க வேண்டும். வண்டி கெட்டால் சரிசெய்யும் அறிவும் நம் கையிலேயே இருக்க வேண்டும்.

தமிழ் எம்.ஏ. பாடத்தில் தேரின் உறுப்புகளுக்குப் பெயர் படித்தேன். ஆரம், அச்சு, குடம், நுகம் எல்லாம் எனக்குத் தெரியும். அந்தத் தேரைச் செய்தவன், அச்சு முறிந்தால் நடுவழியில் இறங்கிச் சரிசெய்தவன் என்ன பேசினான் என்பது பாடத்தில் இல்லை. பெரியப்பாவின் பேச்சைப் பாடம் என்று நினைக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இப்போது ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். வைப்பர் பற்றி மட்டும் பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. பிரேக் இன்னும் முடியவில்லை.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கை இருக்கும். கிணறு தூர் எடுத்த கை, கரண்ட் கம்பம் ஏறிய கை, பிணவறையில் தைத்த கை, பிரசவம் பார்த்த கை. அவர்கள் பட்ட அவமானத்தை எழுதும்போது அவர்களுக்குத் தெரிந்த வேலையையும் சேர்த்து எழுதுங்கள். எந்தச் சாமானை எப்படிப் பிடிப்பார்கள், எதைச் செய்யக் கூடாது என்று கத்துவார்கள், எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். எங்கள் காலனியில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு பெண் பிள்ளைகள் அந்த அம்பாசடரைச் சுற்றி நிற்கிறார்கள். பெரியப்பாவுக்கு முழங்கால் முடியவில்லை. ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்லிக்கொடுக்கிறார்.